கோழித் தீனியில் கலந்த பூ

ஓரிக்கை
13-8-1970

அன்பு மகள் லோகாம்பாளுக்கு உன் அப்பா அப்பாதுரை எழுதிக்கொள்வது. அங்கே பிலாயில் நீ வேளைக்குச் சாப்பிட்டு, நைட் டூட்டி பகல் டூட்டி பார்த்து, உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறாய் என்று நம்புகிறேன். இங்கே நான், உன் அம்மா, சின்ன காஞ்சிபுரத்தில் உன் தம்பி குமாரவேல் மூன்று பேரும் சுகம். மனுஷர்கள் மட்டும் சுகம் என்று படித்துக்கொள். மற்றதை எழுதுவதற்கு முன்னால் நேற்று என் மானம் போன கதையைச் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் உன் அம்மா தனியாகக் கடிதம் போட்டுச் சொல்லிவிடுவாள். காலையில் மாட்டாஸ்பத்திரிக்குப் போகிற அவசரத்தில் சட்டையை உள்பக்கம் வெளியாகப் போட்டுக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன். டிக்கெட்டுக்குச் சில்லறை எடுக்க மார்பைத் தடவினால் பையைக் காணோம். இந்தப் பக்கம் தடவுகிறேன், அந்தப் பக்கம் தடவுகிறேன், திருடன் சில்லறையை எடுப்பான், சட்டைப் பையையே பிய்த்துக்கொண்டு போவானா என்று யோசித்து நிற்கிறேன். கண்டக்டர் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, பெரியவரே, பை உள்ளாரதான் கீது, சட்டையத் திருப்பிப் போட்டுக்கினு அப்பால துட்டு குடு என்றான். பஸ்ஸே சிரித்தது. நானும் சிரித்தேன். இந்தப் பத்து நாளில் நான் சிரித்தது அந்த ஒரு தடவைதான்.

நம் கோழிகள் செத்துக்கொண்டிருக்கின்றன லோகா. இருநூற்று நாற்பதில் தொண்ணூற்றொன்பது போய்விட்டது, இந்தக் கடிதம் உன் கைக்கு வரும்போது எத்தனை மிஞ்சியிருக்கும் என்று தெரியாது. அதனால் கேட்க வேண்டியதை முதலிலேயே கேட்டுவிடுகிறேன். அரளி தின்றுவிட்டு வருகிறவர்களுக்கு உன் ஆஸ்பத்திரியில் என்ன மருந்து கொடுக்கிறார்கள் என்று பெரிய டாக்டரிடம் கேட்டு உடனே தந்தி அடி. கோழிக்கு என்றால் சிரிப்பார்களே என்று கூச்சப்படாதே, வீட்டில் யாரோ தின்றுவிட்டார்கள் என்று நினைத்தால் அதைவிட வம்பு, கோழிக்கு என்றே சொல்லு, சிரித்தால் சிரிக்கட்டும். தந்தியில் மருந்தின் பெயரைப் பெரிய எழுத்தில் தெளிவாக எழுதிக் கொடு, நம் தபால்காரர் படிப்பது உனக்குத் தெரியும். கோழி வயிற்றுக்குள் அரளி எப்படிப் போயிற்று என்று கேட்பாய். நான்தான் கொடுத்தேன். அதைத்தான் இனிமேல் எழுதப்போகிறேன், பொறுமையாகப் படி.

சித்திரை மாதம் நான் எழுதிய கடிதம் ஞாபகம் இருக்கும், நம் வெள்ளை லெகார்ன் சீமைக் கோழி முட்டையை உடைத்தால் கரு வெளுத்துப்போய், சுண்ணாம்பு கரைத்த மாதிரி இருக்கிறது, ஓட்டல்காரர்கள் முகம் சுளிக்கிறார்கள் என்று எழுதியிருந்தேன். முட்டை எடுத்துப் போகிற வேணுகோபால், உன் கோழிக்கு ரத்த சோகைபா, டானிக் குடு என்று கேலி பேசினான். கிராம சேவகரிடம் கேட்டேன், பச்சைத் தீனியும் மஞ்சள் பூவும் கொடுத்தால் கரு மஞ்சளாகும் என்று ஏதோ புத்தகத்தில் படித்ததாகச் சொன்னார். பூவுக்கு எங்கே போவது என்று யோசித்துக்கொண்டே சின்ன காஞ்சிபுரத்துக்கு உன் தம்பியைப் பார்க்கப் போனேன், அவன் சாயப் பட்டறையில் கை இரண்டும் ஊதா நிறமாக நிற்கிறான், ஊதாக் கையோடுதான் சோறு தின்கிறான், அது இருக்கட்டும். திரும்பும்போது பார்க்கிறேன், பெருமாளிடமிருந்து கழித்த மாலைகளை வண்டி வண்டியாகக் கொண்டுபோய்க் கொட்டுகிறார்கள். வண்டி ஓட்டுகிற கலியன் நமக்குத் தெரிந்தவன்தான். சாமந்தியும் துளசியும் மலை மாதிரி கிடக்கிறது. அந்த இடத்திலேயே எனக்குப் புத்தி வேலை செய்துவிட்டது, அது வேலை செய்கிற நாளெல்லாம் இந்த வீட்டுக்குக் கெட்ட நாள் என்று உன் அம்மா சொல்லுவாள். மாலையைச் சாக்கில் கட்டி எடுத்து வந்து, நாரைப் பிரித்து, பூவை வெயிலில் உலர்த்தி, உரலில் இடித்துத் தவிட்டோடும் புண்ணாக்கோடும் கருவாட்டுத் தூளோடும் கலந்து போட்டேன். பதினைந்து நாளில் கரு பூசணிப் பூ மாதிரி ஆயிற்று. வேணுகோபால் ஒரு முட்டையை உடைத்துப் பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டு போனான். பிளாக் ஆபீசில் கண்காட்சி வைத்தபோது என்னை மேடையில் ஏற்றி, முன்னோடிக் கோழிப் பண்ணையாளர் என்று ஒரு காகிதம் கொடுத்தார்கள். எட்டாம் வகுப்பை இரண்டு வருஷம் படித்தவனுக்கு மைக் கொடுத்தால் என்ன ஆகும், மூலிகைத் தீனி என்று முக்கால் மணி நேரம் பேசினேன், கடைசியில் மைக்கைப் பிடுங்கினார்கள்.

உன் அம்மாவுக்கு மட்டும் ஆரம்பத்திலிருந்தே பிடிக்கவில்லை. சாமி கழுத்துல கெடந்த மாலைய கோழிக்கு இடிச்சிப் போட்டுக்கினு கீறீங்களே, இது எங்க போயி முடியுமோ என்றாள். நான் விடுவேனா, முருகன் கொடியிலேயே சேவல் இருக்கிறது, பெருமாள் முருகனுக்கு மாமன், மாமன் வீட்டு மாலை மருமகன் வீட்டுக் கோழிக்குப் போகிறது, குடும்பத்துக்குள்ளேதானே என்றேன். அவள் முறத்தைத் தட்டிக்கொண்டு போய்விட்டாள். அப்புறம் ஆடி பிறந்தது. கலியனுக்கு உடம்பு சரியில்லை, வண்டி வரவில்லை. நம் ஊர் எல்லை அம்மனுக்கு ஆடி வெள்ளிக்கு வந்து விழுகிற மாலைகளைப் பார்த்தேன். சாமந்தியும் இருந்தது, செவ்வரளியும் இருந்தது, சில மாலையில் அரளி இலையையும் சேர்த்துக் கட்டியிருந்தார்கள். அரளி விதை விஷம் என்று எனக்குத் தெரியாமல் இல்லை, ஊரில் தெரியாதவர் யார். ஆனால் பூவும் இலையும் என்ன செய்யும் என்று நினைத்தேன், அதிலும் அம்மன் மேல் இருந்து எடுத்தது, தாய் மேல் இருந்த பூவில் விஷம் தங்குமா என்று நானே எனக்குச் சொல்லிக்கொண்டேன். சொல்லப்போனால் பிரித்துப் பொறுக்குவதற்குச் சோம்பல். காய்ந்த பிறகு எல்லாம் ஒரே சருகாகத்தான் தெரிந்தது. ஆடு அரளிச் செடியைத் தாண்டிப் போகும், முகர்ந்துகூடப் பார்க்காது. பூவாகவே போட்டிருந்தால் கோழியும் கொத்தியிருக்காது லோகா, அதற்குத் தெரிந்திருக்கும். நான் இடித்துத் தூளாக்கித் தவிட்டில் கலந்துவிட்டேன், அதற்கு ஒதுக்கித் தின்ன வழியில்லாமல் பண்ணிவிட்டேன்.

போன செவ்வாய்க்கு முந்தின செவ்வாயன்று விடிகாலையில் ஏழு கோழி செத்துக் கிடந்தது. அன்று சாயங்காலம் பதினைந்து. கழிச்சல், தலை தொங்கல், இறக்கையைக் கீழே போட்டுவிட்டு நிற்கும், நின்றபடியே சாயும். மறுநாள் கால்நடை டாக்டர் சக்ரவர்த்தியைப் போய்ப் பார்த்தேன். என்ன தீனி போடுகிறீர் என்று கேட்டார். சோளம், தவிடு, புண்ணாக்கு, கருவாடு, கிளிஞ்சல் என்று ஒப்பித்தேன். பூவைச் சொல்லவில்லை. அவர் ஐயங்கார், பெருமாள் மாலையைக் கோழிக்குப் போட்டேன் என்று அவர் முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது என்று விழுங்கிவிட்டேன். ஒன்றிரண்டுக்குக் கழுத்து திருகிக்கொள்கிறதா என்றார், திருகுகிறது என்றேன். ராணிக்கெட் என்கிற கொள்ளை நோய் மாதிரி இருக்கிறது, ஊசி போட்டும் சில சமயம் வரும், பக்கத்தில் அவிழ்த்துவிட்ட நாட்டுக்கோழி இருந்தால் அதன் மூலம் பரவும், அதை முதலில் அடைக்கச் சொல்லுங்கள் என்றார். அவர் மேல் தப்பில்லை, நான் சொன்னதை வைத்துக்கொண்டுதான் அவர் சொன்னார்.

பக்கத்தில் நாட்டுக்கோழி யாரிடம் இருக்கிறது, உன் பூவம்மாள் அத்தையிடம்தான். உனக்குத் தெரியாததா, மாமா போன பிறகு அவளுக்கு அந்தப் பதினான்கு கோழிகள்தான் வருமானம், துணை, பேச்சு எல்லாம். நீ நர்ஸ் படிப்புக்குக் கிளம்பின அன்று பன்னிரண்டு முட்டை அவித்து ஈரத் துணியில் கட்டி உன் மடியில் வைத்தாளே. அவள் வேலியண்டை போய் நின்று, டாக்டர் சொல்லிவிட்டார், உன் கோழியிடம் நோய் இருக்கிறது, அடைத்து வை என்றேன். அவள் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, இன்னாண்ணா இது, என் கோழி ஊரெல்லாம் மேஞ்சிக்கினு வருது, ஒண்ணுகூட தல சாயல, உன் கோழி கொட்டாய்க்குள்ளாரயே கெடந்து சாவுது, யாருது யாருக்கு ஒட்டிச்சி என்று கேட்டாள். நியாயமான கேள்வி. எனக்குத்தான் பிளாக் ஆபீஸ் காகிதம் இருக்கிறதே, நாட்டுக்கோழிக்கு நோய் உள்ளே இருக்கும், வெளியே காட்டாது, சீமைக் கோழிதான் தாங்காது என்று விளக்கம் கொடுத்தேன். நீ படிச்சவன், சொன்னா சரியாதான் இருக்கும் என்று சொல்லிவிட்டு, அன்றைக்கே பதினான்கையும் கூடை போட்டுக் கவிழ்த்துவிட்டாள். சுற்றித் திரிந்த கோழிகள், கூடைக்குள் நாளெல்லாம் முட்டி முட்டித் தலையில் ரத்தம் கட்டிப்போயிற்று, முட்டையையும் நிறுத்திவிட்டன.

அந்த வாரம் வெள்ளிக்கிழமை என் பூத்தூள் மூட்டை தீர்ந்தது. சனி, ஞாயிறு இரண்டு நாள் ஒரு கோழிகூடச் சாகவில்லை. இதில் எனக்கு என்ன புரிந்திருக்க வேண்டும் சொல்லு. எனக்குப் புரிந்தது வேறு. பார்த்தாயா பூவம்மா, உன் கோழியை அடைத்தேன், நோய் நின்றுவிட்டது என்று வேலிக்கு இந்தப் பக்கம் நின்று சொன்னேன், நாலு பேர் கேட்கிற மாதிரி சொன்னேன். அப்படின்னா இதுங்கள வெச்சிக்கினு இருக்கறது பாவம்தான், சந்தைக்குக் கொண்டுபோயிடறேன் என்று மட்டும் சொன்னாள். திங்கட்கிழமைக்குள், அந்த வெள்ளிக்கு அம்மனிடமிருந்து இரண்டாவது தடவையாக எடுத்து வந்த மாலைகள் காய்ந்துவிட்டன. செவ்வாய்க்கிழமை காலையில் நானே இடித்து, நானே கலந்து, நானே தட்டில் கொட்டினேன். இருட்டுவதற்குள் இருபத்தாறு. உன் அம்மா கோழிகளை மடியில் போட்டுக்கொண்டு, சீரகம், மஞ்சள், கீழாநெல்லி, சின்ன வெங்காயம் அரைத்து உருண்டை பிடித்து ஒவ்வொன்றின் வாயைத் திறந்து ஊட்டிக்கொண்டிருந்தாள். ஒரு கோழி உருண்டையோடு சேர்த்துக் கக்கியது, அதில் சிவப்பாகப் பொடி. அவள் அதை விரலில் எடுத்துப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், உரலைப் பார்த்தாள். எழுந்து போய் மூட்டையை அவிழ்த்து முகர்ந்துவிட்டு, கொல்லையில் குழி தோண்டிக் கொட்டி மண்ணைத் தள்ளினாள். அப்போதும் என்னைத் திட்டவில்லை.

நேற்று சட்டையைத் திருப்பிப் போட்டுக்கொண்டு ஓடியது, டாக்டரிடம் உண்மையைச் சொல்லி மருந்து கேட்கத்தான். அவர் முகாமுக்குப் போயிருக்கிறார், திங்கட்கிழமைதான் வருவாராம். கம்பவுண்டர் கழிச்சல் மாத்திரை ஒரு பொட்டலம் கொடுத்து அனுப்பினார். அடுப்புக்கரியைப் பொடித்து மோரில் கரைத்துக் கொடுத்தால் விஷத்தைப் பிடித்துக்கொள்ளும் என்று யாரோ எப்போதோ சொன்னது உன் அம்மாவுக்கு ஞாபகம் வந்து அதைக் கொடுத்துக்கொண்டிருக்கிறோம், அது சரியா என்பதையும் தந்தியில் எழுது. நேற்று பன்னிரண்டு, இன்று காலை நான்கு. மற்றதுகள் கண்ணை மூடி மூடித் திறக்கின்றன, நான் உள்ளே போனால் தீனி என்று நினைத்து என் காலடிக்கு வருகின்றன, அதைத்தான் தாங்க முடியவில்லை. நீ பொங்கலுக்கு லீவில் வந்தபோது, அப்பா இது நூற்றைம்பதுக்குக் கட்டின கொட்டகை, ஒன்றின் மேல் ஒன்று நிற்கிறதே, அதனால்தான் இறகைப் பிடுங்கிக்கொள்கிறதுகள், கொத்தாமல் இருக்க அலகு நுனியைச் சுட்டு என்ன பயன் என்று கேட்டாய். நர்சம்மா கோழிக்கும் வார்டு கேட்கிறாள் என்று நான் சிரித்தேன். இப்போது இடம் தாராளமாக இருக்கிறது. மிச்சம் இருக்கிறதுகள் இறக்கையை விரித்து உதறுகின்றன, தரையில் பரப்பின கடலைத் தோலைக் கிளறி மண்ணில் குளிக்கிற மாதிரி புரளுகின்றன, ஒன்றையொன்று கொத்துவதில்லை. இந்த இடத்தை நான் அதுகளுக்கு வேறு விதமாகக் கொடுத்திருக்கலாம்.

நேற்று ராத்திரி சோறு போடும்போது உன் அம்மா, பூவம்மாகிட்ட சொல்லிட்டீங்களா என்றாள். நாளைக்குச் சொல்கிறேன் என்றேன். நாளைக்கு அவ சந்தைக்குப் போறா, நான் சொல்லமாட்டேன், நீங்கதான் சொல்லணும் என்றாள். இன்று காலை ஏழரை மணிக்குப் பூவம்மாள் நம் வாசலுக்கு வந்தாள். தலையில் பெரிய கூடை, மேலே வலை போட்டுக் கட்டியிருந்தாள், உள்ளே எல்லாம் ஒன்றோடொன்று நெருக்கிக்கொண்டு, கால் கட்டின கோழிகள். வாலாஜாபாத் பஸ்ஸுக்குப் போகிறாள். தாடி வைத்த பழுப்புச் சேவல் ஒன்று இருக்குமே, நீ கூப்பிட்டால் ஓடி வருமே, அதுவும் வலைக் கண் வழியாகத் தலையை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தது. அண்ணா, பதிமூணயும் எடுத்துக்கினேன், ஒண்ணு அடையில குந்தினுகீது, பதினோரு முட்டை, இன்னும் ஆறு நாள்ல பொரிச்சிடும், அத மட்டும் விட்டுவைக்கட்டுமா, பொரிச்சதும் குஞ்சோட எடுத்துனு போய் என் தங்கச்சி ஊர்ல விட்டுடறேன், உன் கோழிக்கு ஒண்ணும் ஆகாதில்ல என்று கேட்டாள். என்னிடம் அனுமதி கேட்கிறாள் லோகா. அவள் கோழியை அவள் வீட்டில் வைத்துக்கொள்ள, என் கோழிக்கு ஒன்றும் ஆகாதே என்று என்னைக் கேட்கிறாள். உன் அம்மா உள்ளே கதவோரம் நின்று என் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தாள், நான் திரும்பாமலே எனக்குத் தெரிந்தது. நான் தொண்டையைக் கனைத்துக்கொண்டு, சரி, அதை மட்டும் வைத்துக்கொள், வெளியே விடாதே என்றேன், பிளாக் ஆபீசர் மாதிரி. உனக்குப் புண்ணியமா போவுது என்று சொல்லிவிட்டு அவள் நடந்தாள். தெரு முனை திரும்புகிற வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றேன். அப்புறம் காகிதத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன், இப்போது மணி பத்து ஆகிறது. மத்தியானம் வரைக்கும் சந்தை நடக்கும். கடுதாசி எழுதினது போதும், எழுந்து போங்க என்று உன் அம்மா இரண்டு தடவை சொல்லிவிட்டாள். இதைப் பெட்டியில் போட எப்படியும் வாலாஜாபாத் பஸ் நிற்கிற இடத்துக்குத்தான் போக வேண்டும்.

நீ இதை நினைத்துக்கொண்டு சாப்பிடாமல் இருக்காதே. வார்டில் மருந்து கலக்கும்போது சீட்டை இரண்டு தடவை படித்துக் கலக்கு, உன் அப்பா மகள் என்பதால் சொல்கிறேன். பச்சைத் தண்ணீர் குடிக்காதே, மழைக்கு நனையாதே, நைட் டூட்டி முடித்து வந்து தலைக்குக் குளிக்காதே. சாயக் கையைக் கழுவிவிட்டுச் சாப்பிடச் சொல்லித் தம்பிக்கு ஒரு கடிதம் போடு, நீ எழுதினால்தான் அவன் கேட்பான். தந்தியை மறந்துவிடாதே, அரளிக்கு என்ன மருந்து, கரி சரியா, இந்த இரண்டும் போதும். அம்மா உன்னை ஆசீர்வதிக்கச் சொன்னாள். நானும் ஆசீர்வதிக்கிறேன், என் ஆசீர்வாதத்துக்கு இந்த வாரம் எவ்வளவு பலம் இருக்கும் என்று தெரியாது, அம்மாவுடையதை முதலில் எடுத்துக்கொள்.

பூவம்மாள் வாசலில் நின்றபோது எனக்கு வார்த்தை கிடைக்காமல் இல்லை. நாக்கு நுனி வரைக்கும் வந்து நின்றது, அவளிடம் சொல்லாததை உனக்காவது எழுதுகிறேன்: கூடையை இறக்கி வை பூவம்மா, உன் கோழிக்கு ஒரு நோயும் இல்லை, என் கோழிக்கு விஷம் வைத்தவன் நான்தான்.

இப்படிக்கு,
உன் அப்பா
ஓ. அப்பாதுரை